சாம்பல் ஜோடிக்கு மூன்று நிறத்தில் குஞ்சு: நான் ஏமாந்துவிட்டேனா?

பள்ளிகொண்டா பதினாலு கோழி (மாசி மாதம்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை, வீடு பள்ளிகொண்டா. வீட்டுக்குப் பின்னால் மாமனார் விட்டுவைத்த துண்டு நிலத்தில் தகர ஷெட் போட்டுக் கோழி வளர்க்கிறேன். பண்ணை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மொத்தம் பதினாலு உருப்படி.

கார்த்திகையில் வாணியம்பாடி பக்கம் ஒருவரிடம் கிளி மாதிரி வளைந்த மூக்கும் நீள வாலும் உள்ள கிளிமூக்கு விசிறிவால் கோழி ஜோடி ஒன்று வாங்கினேன். இரண்டும் முழுச் சாம்பல். சேவலுக்குக் கழுத்தும் முதுகும் மட்டும் ஈயம் மாதிரி கொஞ்சம் கருத்திருக்கும். நெஞ்சு இறகு ஒவ்வொன்றுக்கும் கண் மை தீட்டின மாதிரி ஓரத்தில் ஒரு கோடு. செம்மை ஒரு இழை கிடையாது. ஜோடி ஒன்பதாயிரம். வீட்டில் ஆறாயிரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தை முதல் வாரம் பதின்மூன்று முட்டை அடை வைத்தேன். இரண்டு கூமுட்டை, பதினோரு குஞ்சு. பொரித்த அன்றைக்குக் கூடையைத் தூக்கிப் பார்த்தால் மூன்று குஞ்சு கரி, வயிறு மட்டும் வெள்ளை. ஐந்து குஞ்சு அடுப்புச் சாம்பல். மூன்று அழுக்கு வெள்ளை. இப்போது இறகு வந்துகொண்டிருக்கிறது. வெள்ளையில் இரண்டின் மேல் பேனா உதறின மாதிரி அங்கங்கே மைத்துளி விழுந்திருக்கிறது. மூன்றாவதில் ஒரு துளிகூட இல்லை, சுத்த வெள்ளை.

எங்கள் ஆயா பார்த்துவிட்டு, "இன்னாடா இது, அப்பன் ஆத்தா ரெண்டும் ஒரே நெறம், புள்ளைங்க மட்டும் திருவிழா கடை மாதிரி கீது" என்றது. விற்றவருக்கு போன் போட்டேன். "அப்படித்தான் வரும், போ" என்று வைத்துவிட்டார். எனக்குக் கோபம். நானும் இரண்டு வார்த்தை அதிகமாகவே பேசிவிட்டேன், அது வேறு கதை.

இது கலப்பு ரத்தமா? எல்லாக் குஞ்சும் சாம்பலாக வர என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒடுகத்தூர் சந்தை

தம்பி, சந்தேகமே வேண்டாம், கலப்புதான். வாங்குவதற்கு முன் அந்தப் பெட்டை கறுப்புச் சேவலோடும் வெள்ளைச் சேவலோடும் மேய்ந்திருக்கும். பெட்டை மேல் ஒரு தடவை வேறு சேவல் ஏறிவிட்டால் ஜென்மத்துக்கும் அந்தக் கலப்பு போகாது. எங்கள் அப்பா காலத்திலிருந்து சொல்வது. பெட்டையை பிரியாணிக்கு அனுப்பிவிட்டு வேறு பெட்டை பார்க்கவும்.

காட்பாடி டீச்சர்

பிரியாணி வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

நான் முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மொட்டை மாடியில் ஆறு கோழி வைத்திருக்கிறேன். ஒடுகத்தூர் அண்ணன் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. சேவலின் வித்து பெட்டையின் உடம்புக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு தங்கும். அதற்கென்றே உள்ளே சின்னச் சின்னக் குழல்கள் உண்டு. அதனால்தான் சேவலை மாற்றினால் மூன்று நான்கு வாரம் கழித்து இடும் முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும். ஜென்மத்துக்கும் போகாது என்பதுதான் கதை. கார்த்திகையில் வாங்கியது, தையில் வைத்த முட்டை. இடையில் வேறு சேவல் அண்டவில்லை என்றால் பதினொன்றும் உங்கள் சாம்பல் சேவலின் பிள்ளைகள்தான்.

பிறகு ஏன் மூன்று நிறம்? வீட்டில் தாயம் ஆடுவீர்களா? சோழி இல்லாத வீட்டில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவோமே, அந்தக் கொட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பா கொடுப்பது, ஒன்று அம்மா கொடுப்பது. கறுப்புப் பக்கம் என்றால் சாயத்தை அப்படியே விடும் ஜீன். தேய்த்த பக்கம் என்றால் கறுப்புச் சாயத்தைக் குறைக்கும் ஜீன். கோழி வளர்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் இதை ப்ளூ ஜீன் என்பார்கள், நாம் சாம்பல் என்கிறோம்.

இரண்டு கொட்டையும் கறுப்பாக விழுந்தால் குஞ்சு கறுப்பு. ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை என்றால் சாம்பல். இரண்டும் வெள்ளை என்றால் சாயம் இரண்டு மடங்கு குறைந்து, வெளுத்த உடம்பில் மைத்துளி. அதற்கு ஸ்பிளாஷ் என்று பெயர். உங்கள் சேவல், பெட்டை இரண்டுமே ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை வைத்திருப்பவை. அதனால் நூற்றுக்கு இருபத்தைந்து கறுப்பு, ஐம்பது சாம்பல், இருபத்தைந்து ஸ்பிளாஷ். பதினொன்றில் மூன்று, ஐந்து, மூன்று என்று உங்களுக்கு வந்திருப்பது கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது. இவ்வளவு ஒழுங்காக எல்லோருக்கும் விழாது. பதினோரு குஞ்சில் ஒரு ஸ்பிளாஷ்கூட வராமல் போக நூற்றுக்கு நான்கு தடவை வாய்ப்பு உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பில் அந்தி மந்தாரை படித்திருப்பீர்கள். சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் சேர்த்தால் ரோஸ் வருமே, முழுமையற்ற ஓங்குத்தன்மை என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. அதேதான் இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பேட்சன், புன்னெட் என்ற இருவர் அந்தலூசியன் என்னும் சாம்பல் கோழியை வைத்து இதைக் காட்டினார்கள். அதற்கு முன்பு அங்கேயும் வளர்ப்பவர்கள் கறுப்பையும் புள்ளி வெள்ளையையும் கழிசல் என்று ஒதுக்கி, சாம்பலோடு சாம்பலையே சேர்த்து, ஏன் இன்னும் சுத்தமாக வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சாம்பலோடு சாம்பல் சேர்த்தால் நூறு தலைமுறை போனாலும் இதே பங்குதான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எல்லாமே சாம்பலாக வர வேண்டுமென்றால் கறுப்பையும் ஸ்பிளாஷையும் சேர்க்க வேண்டும். கறுப்பிடம் இருப்பது கறுப்புக் கொட்டை மட்டும், ஸ்பிளாஷிடம் வெள்ளைக் கொட்டை மட்டும். எப்படி உருட்டினாலும் ஒன்றுக்கு ஒன்று, அத்தனையும் சாம்பல். நீங்கள் கழிசல் என்று நினைத்த இரண்டு நிறம்தான் உங்களுக்கு வேண்டிய ஜோடி.

அந்தச் சுத்த வெள்ளை மட்டும் எனக்கு இடிக்கிறது. ஸ்பிளாஷ் சிலதுக்கு மை தாமதமாகத்தான் விழும், முழு இறகு வரட்டும். அதுவரை அதற்கு ஒரு வளையம் போட்டு வையுங்கள்.

பள்ளிகொண்டா பதினாலு கோழி

டீச்சர், உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். பிறகு என் பெண்ணோடு உட்கார்ந்து புளியங்கொட்டை தேய்த்து உருட்டினோம், பதினோரு தடவை. இரண்டு கறுப்பு, ஆறு சாம்பல், மூன்று ஸ்பிளாஷ். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண், நோட்டில் கட்டம் போட்டு எழுதிவிட்டாள். கையோடு ஒரு கேள்வியும் கேட்டாள்: "பஸ் ஸ்டாண்ட்ல கூடையில பச்சை, ரோஸ் குஞ்சு விக்கிறாங்களே, அதுக்கு எந்தக் கொட்டைப்பா?" அது சாயத்தில் முக்கினது என்று சொன்னதும் அவளுக்கு மனசே விட்டுப்போச்சு.

விற்றவரிடம் பேசினதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

பேரணாம்பட்டு பெருவிடை

டீச்சரம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் படித்தது எட்டாவது, கோழியில் நாற்பது வருஷம். அவங்க கொட்டையில் சொன்னதை நான் கோழியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். தம்பி அடுத்து எங்கே போய் முட்டிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் நாலு விஷயம் சொல்கிறேன்.

சாம்பல் எல்லாம் ஒரே சாம்பல் இல்லை. லாவெண்டர் என்று இன்னொன்று இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்று போலத்தான். லாவெண்டரில் உடம்பு முழுக்க ஒரே வெளிர் சாம்பல், இறகு ஓரத்தில் மைக்கோடு இருக்காது, சேவல் கழுத்தும் கருக்காது. அதன் குணமே வேறு. லாவெண்டரோடு லாவெண்டர் சேர்த்தால் அத்தனையும் லாவெண்டர். கறுப்போடு சேர்த்தால் அத்தனையும் கறுப்பு, நிறம் உள்ளே ஒளிந்துகொள்ளும். அந்தக் கறுப்பு இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று திரும்ப வெளியே வரும். சில வம்சத்தில் வால் இறகு பழைய துடைப்பம் மாதிரி பிரிந்து போகும், விசிறிவாலுக்கு அது பெரிய குறை. சந்தையில் யாராவது சாம்பல் என்று கொடுத்தால் வெளியூர்க் கறுப்பு ஒன்றோடு சேர்த்துப் பாருங்கள். பாதிக் குஞ்சு சாம்பலாக வந்தால் அது உங்கள் வகை. எட்டுப் பத்துக் குஞ்சு பொரித்து அத்தனையும் கறுப்பு என்றால் லாவெண்டராகத்தான் இருக்கும். தம்பி சொன்ன மைக்கோட்டையும், குஞ்சு மூன்றாகப் பிரிந்ததையும் பார்த்தால் இவருடையது லாவெண்டர் இல்லை.

அடுத்தது செம்மை. இந்த ஜீன் கறுப்பைத்தான் வெளுக்கும், சிவப்பைத் தொடாது. நம் பக்கத்துச் சேவல் நிறங்களில் காகம் என்கிற முழுக் கறுப்பைத் தவிரப் பாதிக்கு மேல் சிவப்பு கலந்ததுதான். செங்கீரி, மயில், வல்லூறு என்று ஊருக்கு ஊர் பேர் மாறும், அதில் சண்டை வேண்டாம். சிவப்புக் கழுத்து, கறுப்பு நெஞ்சுச் சேவலின் வம்சத்தில் சாம்பல் ஏறினால் சிவப்புக் கழுத்து அப்படியே இருக்கும், நெஞ்சு மட்டும் சாம்பலாகும். அதுவும் அழகுதான், ஆனால் தம்பி கேட்பது அது இல்லை. ஆகவே கறுப்புப் பெட்டை வாங்கும்போது பெட்டையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பெட்டை மறைக்கும், சேவல் காட்டிக் கொடுக்கும். அதன் கூடப் பிறந்த சேவலைக் காட்டச் சொல்லுங்கள். கழுத்திலோ இறக்கைத் தோளிலோ செம்பு மின்னினால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

மூன்றாவது என் சொந்தக் கதை. எனக்கு ஒரு காலத்தில் வரி போட்ட கோழிமேல் பைத்தியம். பிளைமவுத் ராக் என்று கறுப்பில் வெள்ளை வரி வருமே, அதில் ஒரு பெட்டை வாங்கி என் காகச் சேவலோடு விட்டேன். குஞ்சு வந்தது. ஆண் அத்தனையும் வரி, பெண் அத்தனையும் கறுப்பு. வரி போட்ட பட்டா, அதாவது இளஞ்சேவல், இரண்டு மூன்றை ஆட்கள் கேட்டார்கள், நல்ல விலை, விற்றுவிட்டேன். கறுப்பு வெடைகளை, அதாவது இளம்பெட்டைகளை, வைத்துக்கொண்டேன். தாயின் வரி மகளுக்குள் ஒளிந்திருக்கும், ஒருநாள் வெளியே வரும் என்று நம்பி அதுகளைக் கறுப்புச் சேவலோடு விட்டு இரண்டு வருஷம் காத்திருந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. வரவும் வராது. ஏன் என்று டீச்சரம்மா சொல்லட்டும், எனக்குச் சொல்லத் தெரியாது. தாயின் வரி மகனுக்குத்தான் போகும், மகளுக்குப் போகாது என்கிற வரைக்கும் தெரியும். விற்ற பட்டாவில் ஒன்றை வைத்திருந்து கறுப்புப் பெட்டையோடு விட்டிருந்தால் அடுத்த ஈட்டிலேயே ஆணிலும் பாதி, பெண்ணிலும் பாதி வரியாக வந்திருக்கும். எதை விற்க வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு, எதை வைத்துக்கொள்ள வேண்டுமோ அதை விற்றவன் நான்.

கடைசியாக ஒன்று. நிறத்துக்காக உருவத்தை விட்டுவிடாதீர்கள். மூக்கு நேரானால், வால் குட்டையானால், கால் வளைந்தால் அது எந்த நிறத்தில் இருந்து என்ன? அண்ணன் தங்கையை ஓர் ஈடு சேர்க்கலாம், அதையே தொடர்ந்தால் பொரிப்பு குறையும், குஞ்சு தேறாது. ஸ்பிளாஷ் உங்களுடையதாக இருக்கட்டும், கறுப்பு வெளி ரத்தமாக இருக்கட்டும். பொய்கை செவ்வாய்ச் சந்தைக்கு விடிவதற்குள் போனால் கோழிக்காரர்கள் இருப்பார்கள். மாட்டுக் கூட்டத்தில் கால் மிதிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்பாடி டீச்சர்

பெருவிடை ஐயா கேட்டதற்கு. மனிதரில் ஆணின் விந்துதான் பிள்ளை ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும், கோழியில் தலைகீழ். சேவலிடம் இரண்டு இசட் குரோமோசோம், பெட்டையிடம் ஒரு இசட், ஒரு டபிள்யூ. வரி ஜீன் உட்கார்ந்திருப்பது இசட் மேல். பெட்டை தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கிறாள், மகளுக்கு டபிள்யூ. மகளின் இசட் அப்பாவிடமிருந்து வருகிறது, அப்பா காகம், ஆகவே மகள் கறுப்பு. வரி ஓங்கு பண்பு, ஒன்று இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். கறுப்பு மகளிடம் ஒளிந்திருக்க ஒன்றுமே இல்லை.

உங்களுக்கு இரண்டு வருடம் நஷ்டமான இதே விஷயம் மற்றவர்களுக்கு லாபம். அந்தக் கலப்பில் பொரிந்த அன்றே ஆண் குஞ்சுக்கு உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும், பெண் குஞ்சுக்கு இருக்காது. முதல் உலகப் போரில் இங்கிலாந்தில் தீனித் தட்டுப்பாடு வந்தபோது, இப்படி நிறத்தை வைத்தே முதல் நாளில் சேவல் குஞ்சைப் பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் நான் முன்பு சொன்ன அதே புன்னெட். வெள்ளி, பொன் நிற ஜீனும் இசட் மேல்தான். பொன் சேவலோடு வெள்ளிப் பெட்டை சேர்ந்தால் மகன் வெள்ளி, மகள் பொன்.

சாம்பல் ஜீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பள்ளிகொண்டாக்காரர் ஸ்பிளாஷ் சேவல், கறுப்புப் பெட்டை என்றோ கறுப்புச் சேவல், ஸ்பிளாஷ் பெட்டை என்றோ எப்படிச் சேர்த்தாலும் சரி.

ராணிப்பேட்டை ரவுண்டு

எல்லோரும் ஜீன் பேசுறீங்க, அந்தப் பதினோரு குஞ்சுக்கும் ஊசி போட்டாச்சான்னு ஒருத்தரும் கேட்கலை. ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஆர்.டி.வி.கே. என்கிற தடுப்பூசி. வெள்ளைக் கழிச்சல், அதுதான் ராணிக்கெட் நோய், வந்தால் ஸ்பிளாஷ், சாம்பல் எல்லாம் ஒரே குழியில்தான். மாசியில் கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் முகாம் போடுவார்கள், இலவசம். இன்னொன்று, ராணிக்கெட் நோய் எங்கள் ராணிப்பேட்டையில் வந்தது என்று இன்னும் சிலபேர் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். ராணிக்கெட் வடக்கே இமயமலைப் பக்கத்து ஊர். எங்கள் ஊரில் அதற்கு மருந்துதான் செய்கிறார்கள்.

ஆற்காடு கடக்நாத்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கடக்நாத் கருங்கோழி என்று பத்துக் குஞ்சு வாங்கினேன். தோல் கறுப்பாகத்தான் இருக்கிறது, நாலு குஞ்சுக்கு மட்டும் தோல் வெளிறி, கால் சாம்பலாக இருக்கிறது. இது அசலா?

பேரணாம்பட்டு பெருவிடை

நாட்டுக்கோழி கலந்தது. கடக்நாத்தின் தோல் கறுப்பு ஓங்கி நிற்கும், ஒரு தடவை கலந்தாலும் குஞ்சு கறுப்பாகத்தான் தெரியும், விற்கிறவருக்கு அது வசதி. கலந்ததோடு கலந்ததைச் சேர்க்கும்போது இப்படிப் பல்லைக் காட்டும். வாயைத் திறந்து நாக்கையும் அண்ணத்தையும் பாருங்கள். அங்கே ரோஸ் தெரிந்தால் குழம்புக்கு நல்லது.

ஒடுகத்தூர் சந்தை

சரி, நான் சொன்னது தப்புதான். ஆனால் எங்கள் அப்பா சொன்னது தப்பு என்று இந்த வயதில் கேள்விப்படுவது ஒரு மாதிரி இருக்கிறது.

பள்ளிகொண்டா பதினாலு கோழி (அதே வருடம், கார்த்திகை)

ஒன்பது மாதம் கழித்து வருகிறேன். எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் தெரியவில்லை.

பதினொன்றில் இரண்டு சாம்பலைக் கீரிப்பிள்ளை கொண்டு போனது. மற்றதெல்லாம் தேறின. ராணிப்பேட்டை அண்ணன் திட்டினதால் ஊசி போட்டேன், வைகாசியில் தெருவில் பாதிக் கோழி கழிச்சலில் போனபோது என்னுடையதில் ஒன்றும் விழவில்லை. அதற்கு முந்தின கத்திரி வெயிலில் வேறு வம்பு. சாம்பலெல்லாம் முதுகில் துரு ஏறின மாதிரி பழுப்படித்துவிட்டது. செம்மை வந்துவிட்டதே என்று பயந்து பெருவிடை ஐயாவுக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். "வேலூர் வெயில்ல நீயும்தான் கருத்துக் கிடக்கிற, இறகு உதிர்ந்து புதுசு முளைக்கட்டும்" என்றார். ஆவணியில் பழைய இறகு கொட்டி ஈயம் மாதிரி புது இறகு வந்துவிட்டது.

மைத்துளி விழுந்த இரண்டில் ஒன்று பட்டா. மூக்கு நல்ல கிளிமூக்கு, வால் இன்னும் நீள வேண்டும். பொய்கைச் சந்தைக்கு நாலு செவ்வாய்க்கிழமை போனேன், கம்பெனியில் அரை நாள் சம்பளம் நாலு தடவை போச்சு. மூன்று வாரம் வெறுங்கை. நாலாவது வாரம் கே.வி.குப்பம் பக்கத்துக்காரர் ஒருவர் கறுப்பு வெடை ஒன்று கொண்டுவந்திருந்தார். கூடப் பிறந்த சேவலைக் காட்டுங்கள் என்றேன். "பொண்ணு பாக்க வந்தியா, கோழி வாங்க வந்தியா" என்று சிரித்தார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லி சேவலைப் பிடித்துக் காட்டினார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கழுத்து இறகில் பச்சை மினுமினுப்புதான், செம்பு இல்லை. இரண்டாயிரத்து எண்ணூறு. வீட்டில் சொன்ன விலை வேறு.

இப்போது டீச்சருக்கு. அந்தச் சுத்த வெள்ளைக்குக் கடைசி வரைக்கும் ஒரு துளி மை விழவில்லை. அது பெட்டையாகப் போனது. என் பெண் அதற்கு விபூதி என்று பேர் வைத்துவிட்டாள், அதனால் அதை விற்கும் பேச்சு வீட்டில் கிடையாது. புரட்டாசியில் முட்டை வைக்க ஆரம்பித்து, ஐப்பசியில் மழை பிடித்ததும் அடையில் உட்கார்ந்தது. பொய்கைப் பெட்டை முட்டையோடு சரி, அடைக்கு உட்காரவே மாட்டேன் என்கிறது. மைத்துளிப் பட்டாவோடு சேர்த்த அதன் முட்டை பத்தை எடுத்து விபூதிக்கு அடியில் வைத்தேன்.

நேற்று இருபத்தோராம் நாள். வேலைக்குப் போகாமல் கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டுக் குஞ்சு. எட்டும் சாம்பல். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா வெள்ளை, புள்ளைங்கல்லாம் சாம்பல், இது மட்டும் எப்டிடா?" என்றது. அது பெற்ற ஆத்தா இல்லை, அடை காத்த ஆத்தா என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.

காட்பாடி டீச்சர்

நன்றாக ஞாபகம் இருக்கிறது. எட்டும் சாம்பல் என்று படித்ததும் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

விபூதி ஸ்பிளாஷே இல்லை என்று நினைக்கிறேன். ஒடுங்கிய வெள்ளை என்று ஒரு ஜீன் உண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு சேர்ந்தால்தான் வேலை செய்யும். சேர்ந்துவிட்டால் கறுப்போ சாம்பலோ சிவப்போ, எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்துவிடும். அடியில் என்ன நிறம் என்று பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்படியானால் உங்கள் பழைய ஜோடி இரண்டிடமும் அது ஒவ்வொன்று ஒளிந்திருக்கிறது. உங்கள் ஸ்பிளாஷ் பட்டாவிடமும் இருக்க மூன்றுக்கு இரண்டு வாய்ப்பு. இந்த எட்டில் சிலதுக்கும் போயிருக்கலாம். அண்ணன் தங்கையைச் சேர்த்தீர்களானால் எங்கிருந்தோ ஒரு வெள்ளை எழுந்து வரும். அப்போது திரும்பவும் யாருக்காவது போன் போட்டுத் திட்டாதீர்கள்.

பள்ளிகொண்டா பதினாலு கோழி

டீச்சர், அந்தக் கடன் தீபாவளி சமயத்திலேயே தீர்ந்தது. வாணியம்பாடி போய் அவரைப் பார்த்தேன். மன்னிச்சுக்குங்கண்ணா, விவரம் தெரியாமப் பேசிட்டேன் என்று சொல்லி, புளியங்கொட்டைக் கணக்கு முழுக்க ஒப்பித்தேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். முடித்ததும், "இதைத்தான அன்னைக்கே அப்படித்தான் வரும்னு சொன்னேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது வண்டியைப் பிடித்துக்கொண்டு, "அந்த மை தெளிச்ச வெள்ளைல இன்னொண்ணு கீதுன்னியே, பெட்டையா? எனக்கே குடுத்துடு, நாலாயிரம் தரேன்" என்றார்.

கொடுக்கவில்லை. வீட்டில் மூவாயிரத்துக்குக் கேட்டார் என்று சொல்லியிருக்கிறேன்.